தண்ணி கறுத்தா விஷமா? கலர் டெஸ்ட் பத்தி வாசகர் கேள்விகள்

போன இதழ்ல ஒருத்தர் "குடிக்கிற தண்ணியில மெட்டல் இருக்கான்னு வீட்லயே டெஸ்ட் பண்ணலாமா"ன்னு கேட்டிருந்தாரு, நானும் "சிலது பண்ணலாம், சிலது பண்ணவே கூடாது"ன்னு ஒரு வரியில முடிச்சிட்டேன். இடம் இல்லாம அப்படிப் பண்ணுனது, அதுக்கு இந்த மாசம் வாங்கிக் கட்டிக்கிட்டேன். "எது பண்ணலாம் எது கூடாதுன்னு சொல்லாம போனா என்னய்யா அர்த்தம்"னு காரைக்குடியச் சுத்தி உள்ள ஊர்ல இருந்தே ஏகப்பட்ட லெட்டரு, வாட்ஸ்அப்பு. அதனால இந்தத் தடவ முழுக்க தண்ணிதான். பல வருஷம் பசங்களுக்கு கெமிஸ்ட்ரி லேப்ல டெஸ்ட் டியூப் கழுவக் கத்துக் கொடுத்தவன், கொஞ்சம் நீட்டி முழக்குனா பொறுத்துக்கங்க.

தம்பி, போன வாரம் டை கட்டிக்கிட்டு ஒரு பையன் வீட்டுக்கு வந்தாரு. ரெண்டு கண்ணாடி டம்ளர் கேட்டாரு. ஒண்ணுல நம்ம வீட்டு பைப்புத் தண்ணி, இன்னொண்ணுல அவரு கொண்டாந்த ஆர்.ஓ. தண்ணி. ஒரு மெஷின கரண்டுல சொருகி ரெண்டு டம்ளர்லயும் கம்பிய விட்டாரு. ரெண்டே நிமிசம், நம்ம தண்ணி சாக்கடையாட்டம் ஆகி அடியில பச்சையும் கறுப்புமா சேறு. அவரு தண்ணி அப்படியே பளிங்கு. "இதெல்லாம் ஈயம், ஆர்சனிக், இதைத்தான் ஒங்க பேரப்பிள்ளைக குடிக்குது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு. ராத்திரி தூக்கமில்ல. அந்த மெஷின வாங்கிறவா?
(ஒரு ஆச்சி, கானாடுகாத்தான்)

ஆச்சி, மொதல்ல நல்லாத் தூங்குங்க. அந்தச் சேறு ஒங்க தண்ணியில இருந்து வரல, அந்தப் பையன் விட்ட கம்பியில இருந்து வந்துச்சு.

அந்த மெஷின்ல பொதுவா இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் இருக்கும். தண்ணியில கரண்டு ஓடுனா ஒரு பக்கத்து இரும்பு கரைஞ்சு தண்ணிக்குள்ள வரும், வந்து பச்சை, கறுப்பு, அப்புறம் துருக் கலர்னு மாறி சேறாப் படியும். அலுமினியம் கரைஞ்சா வெள்ளையா திரிதிரியா வரும். இது நடக்கணும்னா தண்ணியில கரண்டு ஓடணும், கரண்டு ஓடணும்னா தண்ணியில கொஞ்சம் உப்பு கரைஞ்சிருக்கணும். நம்ம போர் தண்ணி, கிணத்துத் தண்ணி எல்லாத்துலயும் கால்சியம், மெக்னீசியம், சோடியம்னு சாதாரண உப்பு இருக்கு, அதனால கரண்டு ஓடுது. ஆர்.ஓ. தண்ணியில அந்த உப்பு ரொம்பக் கம்மி, கரண்டு ஓடாது, கம்பி கரையாது, தண்ணி பளிங்காவே இருக்கும். ஆக அந்த டெஸ்ட் காட்டுறது தண்ணியில உப்பு இருக்கா இல்லையாங்குறத மட்டும்தான். ஈயம் ஒரு சொட்டு இல்லாத தண்ணியும் கறுக்கும், ஈயம் இருக்குற தண்ணியும் உப்பு கம்மியா இருந்தா கறுக்காம நிக்கும்.

அடுத்த தடவ அந்தப் பையன் வந்தா ஒண்ணு பண்ணுங்க ஆச்சி. அவரு கொண்டாந்த பளிங்குத் தண்ணியில நம்ம சமையல் உப்பு ரெண்டு சிட்டிகை போட்டு கலக்கிட்டு, "இப்ப விடுங்க தம்பி பாப்போம்"னு சொல்லுங்க. அதுவும் அதே மாதிரி கறுக்கும். உப்புல ஈயமும் ஆர்சனிக்குமா இருக்கு? (நீங்களா அந்தக் கம்பியத் தொட்டு சோதிக்காதீங்க, வீட்டுக் கரண்டுல நேரா ஓடுற சாமான், ஷாக் அடிக்கும்.)

எனக்கு இதுல ஒரு தனி வருத்தம். அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நெலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல தொறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்குறது நம்ம காரைக்குடியில. தண்ணியில கரண்டு விட்டா என்ன நடக்கும், இரும்பு எப்புடிக் கரையும்னு ஆராயறதுக்குன்னே இருக்குற எடத்துல இருந்து கொஞ்ச தூரத்துல வந்து ஒருத்தன் அதே சங்கதிய வச்சே ஆச்சிமாரைப் பயமுறுத்துறான்னா என்னத்தச் சொல்ல. இதுல இன்னொரு வேடிக்கை, இரும்பு, அலுமினியக் கம்பியக் கரைச்சு அழுக்கத் திரட்டி அடியில படிய வைக்குற இதே முறைய கழிவுத் தண்ணிய சுத்தம் பண்றதுக்கு நெசமாவே பயன்படுத்துறாங்க. நல்ல சாமான் கெட்ட கைல மாட்டுனா இப்படித்தான்.

அப்புறம் அவரு ஒரு பேனா மாதிரி டி.டி.எஸ். மீட்டரும் காட்டியிருப்பாரு. அதுவும் கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு மட்டும்தான் சொல்லும். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு இந்தியத் தர நிர்ணயமே சொல்லுது, வேற தண்ணியே இல்லாட்டி 2000 வரைக்கும் விட்டுக் கொடுக்குது. ஆனா ஈயத்துக்கு எல்லை லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதைப் போல பத்து மடங்கு ஈயம் இருந்தாக்கூட மீட்டர்ல எண்ணு மாறாது. தண்ணி உப்புக் கரிச்சு வாயில வைக்க முடியலன்னா ஆர்.ஓ. வாங்குங்க, அது வேற விசயம். கறுத்துச்சுங்குறதுக்காக வாங்காதீங்க.

எங்க வீட்டு போர் தண்ணி புடிக்கும்போது கண்ணாடி மாதிரி இருக்கு. ஒரு ராத்திரி குடத்துல இருந்தா மஞ்சளாகி அடியில செம்மண்ணு மாதிரி தங்குது. டீ போட்டா கறுப்பா ஊதாவா ஒரு கலர், வெள்ளை வேட்டியெல்லாம் பழுப்பு. ஏதாவது விஷ மெட்டலா சார்?
(புதுவயல் வாசகர்)

சார், நீங்க கேள்வி கேக்கல, டெஸ்ட்டையே பண்ணி முடிச்சிட்டு ரிசல்ட்ட எழுதி அனுப்பியிருக்கீங்க. இது இரும்பு.

பூமிக்கு அடியில காத்து இல்லாத எடத்துல இரும்பு கலரே இல்லாம தண்ணியில கரைஞ்சு கெடக்கும், மேல வந்து காத்து பட்டதும் துருவா மாறி மஞ்சளாகும், அப்புறம் அடியில உக்காந்துரும். நம்ம பக்கம் செம்புறாங்கல்லும் செம்மண்ணும்தானே, அந்தச் செவப்பே இரும்புதான். அதனால வெள்ளை பாட்டில்ல தண்ணியப் புடிச்சு ஒரு ராத்திரி தொறந்து வச்சுப் பாக்குறதே செலவில்லாத மொத டெஸ்ட்டு. உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குல லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டுனாலே துணியில கறை விழ ஆரம்பிக்கும். கறைதான் விழும், ருசி கெடும், அந்த அளவுல விஷம் கெடையாது. பயப்பட வேணாம்.

டீ ஊதாக் கறுப்பானது ஏன்னா, தேயிலையில இருக்குற டேனின், அதான் நாக்குல துவர்க்குதே அது, இரும்போட சேந்தா கறுநீலமா மாறும். பழைய காலத்து எழுதுற மையே இப்படித்தான் செஞ்சது. இதையே டெஸ்ட்டா வச்சுக்கிட்டது இன்னிக்கு நேத்து இல்ல, ரோமாபுரியில பிளினின்னு ஒருத்தரு முதலாம் நூற்றாண்டுலயே எழுதி வச்சிருக்காரு: மாசிக்காய் மாதிரி ஒரு காய்ச் சாறுல பாப்பிரஸ் காகிதத்த ஊற வச்சு, செம்புக் களிம்பு மருந்துல இரும்புச் சரக்கக் கலந்து ஏமாத்துறாங்களான்னு பாப்பாங்களாம், கறுத்தா கலப்படம். இன்னிக்கு நம்ம கைல இருக்குற டெஸ்ட் பேப்பருக்கெல்லாம் அதுதான் கொள்ளுத் தாத்தா.

நமக்கு மாசிக்காய் தேடி அலைய வேணாம், கடுக்காய் போதும். செட்டிநாட்டு வீட்டுச் சுண்ணாம்புக் காரையில கடுக்காய்த் தண்ணி ஊத்துனாகன்னு கொத்தனாருங்க சொல்லுவாங்கல்ல, அதே கடுக்காய். நாட்டு மருந்துக் கடையில தூளாவே கெடைக்கும். ஒரு ஸ்பூன் தூள ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணியில கொதிக்க வச்சு, ஆறுனதும் வெள்ளைத் துணியில ரெண்டு மடிப்பா வடிகட்டுங்க. ஒரே மாதிரி மூணு கண்ணாடி டம்ளர் எடுங்க. ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி, ஒண்ணுல ஒங்க போர் தண்ணி (காலையில புடிச்சு ரெண்டு மூணு மணி நேரம் தொறந்து வச்சது, காத்து படாத இரும்பு சட்டுனு கலர் காட்டாது, அடியில தங்குனதையும் நல்லா கலக்கிக்கங்க), மூணாவதுல ஆர்.ஓ. தண்ணியில வினிகர்ல ஒரு நாள் ஊறுன துருப்புடிச்ச ஆணியோட தண்ணி நாலு சொட்டு. மூணுலயும் ஒரே அளவு கடுக்காய்த் தண்ணி ஊத்தி, அடியில வெள்ளைப் பேப்பர் வச்சு, பகல் வெளிச்சத்துல மேல இருந்து குனிஞ்சு பாருங்க. ஆணித் தண்ணி கறுநீலமாகும், அதுதான் "இப்படி வரணும்"னு காட்டுற டம்ளர். ஆர்.ஓ. டம்ளர் "இப்படி இருந்தா இல்ல"ன்னு காட்டுற டம்ளர். ஒங்க தண்ணி இது ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்குதுன்னு பாத்தாப் போதும். இந்த ரெண்டு துணை டம்ளரும் இல்லாம எந்தக் கலர் டெஸ்ட் பண்ணுனாலும் அது சோசியம்தான்.

ரெண்டு எடத்துல ஏமாறுவீங்க. வினிகருக்குப் பதிலா எலுமிச்சம்பழம் இருக்கேன்னு புழியாதீங்க, துணியில துருக்கறைய எடுக்குறதே எலுமிச்சைதான், அது இரும்பப் புடிச்சு வச்சுக்கும், கலரே வராமப் போகும். இன்னொண்ணு, தண்ணி ரொம்ப சவரா (சுண்ணாம்புத் தண்ணி மாதிரி, புளிப்புக்கு நேரெதிரா) இருந்தா இரும்பே இல்லாட்டியும் கடுக்காய்த் தண்ணி பழுப்பா இருளும். பழுப்பு வேற, நீலம் கலந்த கறுப்பு வேற. பழுப்ப வச்சு இரும்புன்னு முடிவு கட்டாதீங்க.

லேப்ல இதையே தயோசயனேட் போட்டு ரத்தச் செவப்பாவோ, ஃபெனாந்த்ரோலின் போட்டு ஆரஞ்சாவோ ஆக்கி அளப்பாங்க. ஊராட்சியில தண்ணி டெஸ்ட் பண்றதுக்குப் பெட்டி கொடுத்திருக்காங்களே, ஜல் ஜீவன் திட்டத்துல பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அதுலயும் இரும்புக்கு ஒரு கலர் டெஸ்ட் இருக்கு, கேட்டா பண்ணித் தருவாங்க. தீர்வும் பெருசில்ல: தண்ணிய உயரத்துல இருந்து சல்லடை மாதிரி ஊத்தி காத்துப் பட வச்சு, தங்க விட்டு, மணல்ல வடிகட்டுனா பெரும்பகுதி இரும்பு நின்னுரும்.

ஆன்லைன்ல 16 டெஸ்ட் ஒரே அட்டையில இருக்குற ஸ்ட்ரிப் வாங்கினேன். ஈயக் கட்டம் கலர் மாறவே இல்ல, டப்பாவுல உள்ள பூஜ்யத்தோட பொருந்துது. குடிக்கலாம்தானே?
(தேவகோட்டை வாசகி)

அந்த டப்பாவத் திருப்பி ஈய வரிசையில பூஜ்யத்துக்கு அடுத்த கட்டம் என்னன்னு பாருங்கம்மா. நான் பாத்த அட்டையில 20-ன்னு போட்டிருந்துச்சு. லிட்டருக்கு 20 மில்லிகிராம். நம்ம எல்லை 0.01. அதாவது எல்லையத் தாண்டி 2000 மடங்கு ஈயம் இருந்தாத்தான் அந்தக் கட்டம் கலர் மாறும். லாரிய நிறுத்தி எடை போடுற மேடையில மூக்குத்தியப் போட்டுட்டு "முள்ளு அசையல, அதனால தங்கமே இல்ல"ன்னு சொன்னா ஒத்துக்குவீங்களா?

0.01-ன்னா எவ்வளவுன்னு நெனச்சுப் பாருங்க, மாடியில நிக்கிற 1000 லிட்டர் டேங்க் முழுக்கச் சேத்தே 10 மில்லிகிராம், ஒரு சிட்டிகை உப்புல ரொம்பச் சின்னப் பங்கு. பத்தாங்கிளாஸ் பசங்க பண்ணுவாங்களே, லெட் நைட்ரேட்ல பொட்டாசியம் அயோடைடு ஊத்துனா மஞ்சள் மஞ்சளா வருமே, அதை வச்சு வீட்ல ஈயம் பாக்கலாம்னு ஒரு வீடியோ சுத்துது. அந்த மஞ்சள் பொடியே வெறும் தண்ணியில லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல கரைஞ்சு மறைஞ்சிரும். குடிதண்ணியில இருக்குற ஈயத்துக்கு அது கண்ணுல தெரியவே தெரியாது. "மஞ்சள் வரல, நல்ல தண்ணி"ன்னு நம்புறதுதான் இதுல ஆபத்து, அதுலயும் சின்னப் பிள்ளைக இருக்குற வீட்ல, ஏன்னா ஈயம் பிள்ளைக மூளை வளர்ச்சியத்தான் மொதல்ல கெடுக்கும்.

ஸ்ட்ரிப்பத் தூக்கிப் போட வேணாம். கடினத்தன்மை, பி.எச். (தண்ணி புளிப்பா சவரான்னு சொல்ற எண்), குளோரின், நைட்ரேட் கட்டமெல்லாம் ஓரளவுக்கு ஒழுங்காச் சொல்லும். ஈயம், பாதரசம்னு போட்டிருக்குற கட்டத்த மட்டும் ஒரு பேனாவால அடிச்சிருங்க.

ஈயச் சொம்புல ரசம் வச்சா ஈயம் சேருமா? அப்பத்தா காலத்து சொம்பு ஒண்ணு இருக்கு, புதுசா கடையில வாங்குனது ஒண்ணு இருக்கு. எதுல வைக்கிறது?
(பள்ளத்தூர்ல புதுசாக் கல்யாணம் ஆனவங்க)

தமிழ்ல ஒரே பேரா ரெண்டு சரக்குக்கு வச்சதால வந்த வினை இது. ரசச் சொம்புக்கு உரியது வெள்ளீயம். பேட்டரியிலயும் தூண்டில் குண்டுலயும் இருக்குறது காரீயம். விஷம் காரீயம்தான், தண்ணி டெஸ்ட்ல ஈயம்னு சொல்றதெல்லாம் இதைத்தான். வெள்ளீயச் சொம்புல ரசம் வச்சா ஒண்ணும் ஆகாது, மணக்கும், சீர்ல வச்சுக் கொடுத்தவங்களும் மனசு குளிருவாங்க. கவலை என்னன்னா, காரீயம் விலை கம்மி, பாக்க ரெண்டும் ஒரே மாதிரி, அதனால கலந்துடறாங்க. புளித் தண்ணியும் தக்காளியும் காரீயத்த நல்லா இழுத்துரும்.

கடைக்காரரு "சுத்தமான ஈயம்மா, அடுப்புல வெறுஞ்சொம்ப வச்சா ஒடனே உருகிரும், அதான் அடையாளம்"னு சொல்லியிருப்பாரு. அதை நம்பாதீங்க. வெள்ளீயம் 232 டிகிரியில உருகும், காரீயம் 327-ல உருகும், ஆனா ரெண்டையும் கலந்தா அது 183 டிகிரியிலயே எளக ஆரம்பிக்கும். ரேடியோ ரிப்பேர்காரரு பத்த வைக்குற ஈயம் அந்தக் கலவைதான். அதனால சீக்கிரம் உருகுறது சுத்தத்துக்கு அடையாளம் இல்ல. காகிதத்துல சொம்பு விளிம்ப இழுத்துப் பாருங்க, பென்சில் கோடு மாதிரி கறுப்பா விழுந்தா சந்தேகப்படுங்க. கை எடையிலயும் தெரியும், காரீயம் வெள்ளீயத்த விட ஒண்ணரை மடங்கு கனம். இது ரெண்டும் சந்தேகம் தட்டுறதுக்குத்தான், தீர்ப்புக்கு இல்ல.

கலர் டெஸ்ட் இங்க கொஞ்சம் ஒதவும். ரோடிசோனேட்னு ஒரு மஞ்சள் மருந்து தடவுன குச்சி விக்குது, காரீயம் உள்ள பரப்புல தேச்சா ரோஸ் இல்ல செவப்பாகும். பெயின்ட், பாத்திரம் மாதிரி நேரா தொட்டுப் பாக்குற சாமானுக்கு அது, தண்ணியில முக்கிப் பாக்குறதுக்கு இல்ல. செவப்பு வந்தா அந்தச் சொம்ப ஷோகேஸ்ல வைங்க. வராட்டியும் புதுச் சொம்பு எனக்குப் பிடிக்கல, அப்பத்தா சொம்புலயே வைங்கன்னு சொல்ல வாய் வருது, ஆனா அந்தக் காலத்துலயும் கலப்படம் இருந்திருக்கலாமே, அதனால அதையும் ஒரு தடவ தேச்சுப் பாத்துருங்க. அப்பத்தா கோவிச்சுக்க மாட்டாக.

பித்தளைப் பாத்திரத்துல பச்சையாக் களிம்பு ஏறுறது பத்தியும் கேட்டிருந்தீங்க. வினிகர்ல நனைச்ச பஞ்சால அந்தப் பச்சைய ஒத்தி எடுத்து, அந்தப் பஞ்சு மேல அமோனியாத் தண்ணி ரெண்டு சொட்டு விட்டா மயில் கழுத்துக் கலர்ல நீலமாகும், அது செம்பு. (ஜன்னலத் தொறந்து வச்சுக்கங்க, பிளீச்சிங் பவுடர் பக்கத்துல கூட இருக்கக் கூடாது.) தண்ணியிலயே இந்த நீலம் தெரிஞ்சா அந்தத் தண்ணிய மாட்டுக்குக் கூட ஊத்தாதீங்க, ஏன்னா லிட்டருக்கு 2 மில்லிகிராம்தான் உலக சுகாதார நிறுவனம் செம்புக்கு வச்ச எல்லை, அந்த அளவெல்லாம் இந்த டெஸ்ட்டுல கண்ணுக்குத் தெரியாது, தெரிஞ்சா எல்லையத் தாண்டிப் போயிருச்சுன்னு அர்த்தம். புளி, மோரு, எலுமிச்சைய வெள்ளீயம் பூசாத பித்தளையில வைக்காதீங்க. முடிஞ்சது.

மஞ்சள்தூள் போட்டா செவக்குது, செம்பருத்திச் சாறு ஊத்துனா பச்சையாகுது. இது மெட்டலா?
(கோட்டையூர்)

இல்ல. தண்ணி சவரா புளிப்பாங்குறதத்தான் ரெண்டும் சொல்லுது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்தா குங்குமக் கலர் வருமே, ஆரத்தித் தட்டுல தெனம் பாக்குறதுதான்.

ஆனா செம்பருத்தி நல்லா செவந்துச்சுன்னா சொல்லுங்க, தண்ணி புளிப்புப் பக்கம் இருக்குன்னு அர்த்தம், பி.எச். 6.5-க்குக் கீழ போன தண்ணி பைப்பையும் டேப்பையும் அரிச்சு மெட்டல இழுத்துட்டு வரும்.

என் பையன் கொல்கத்தா பக்கம் வேலையில இருக்கான். அங்க தண்ணியில ஆர்சனிக்காம். கிட் வாங்கிக் கொடுத்து அனுப்பவா அண்ணே?
(குன்றக்குடி)

ஆர்சனிக் கிட் நெசமாவே வேலை செய்யுற சாமான், லிட்டருக்கு 0.01, 0.05 மில்லிகிராம் வரைக்கும் காட்டும். தண்ணியில துத்தநாகமும் அமிலமும் போட்டா ஆர்சனிக் ஒரு வாயுவா மேல வரும், மூடியில உள்ள பாதரச புரோமைடு தாள்ல பட்டு மஞ்சள், அப்புறம் பழுப்புன்னு மாறும். 1836-ல ஜேம்ஸ் மார்ஷ்னு ஒரு இங்கிலீஷ்காரர், சோத்துல விஷம் வச்சுக் கொல்றவங்களப் புடிக்கக் கண்டுபிடிச்ச முறையோட பேரன்தான் இது. வங்காளதேசத்துல இந்த மாதிரி கிட்ட வச்சே சுமார் 50 லட்சம் அடிபம்பு டெஸ்ட் பண்ணி, லிட்டருக்கு 0.05-க்கு மேல இருந்தா பம்புக்கு செவப்புப் பெயின்ட், கீழ இருந்தா பச்சைன்னு அடிச்சு விட்டாங்க. எழுதப் படிக்கத் தெரியாதவங்களுக்கும் புரிஞ்சுச்சு. கலர் டெஸ்ட்டுன்னா அப்படி இருக்கணும்.

ஆனா அந்த வாயு, ஆர்சைன்னு பேரு, கொடிய விஷம். தாள்ல இருக்குற பாதரசமும் விஷம். பூட்டுன ரூம்ல பேச்சிலர் பசங்க கேஸ் அடுப்புப் பக்கத்துல வச்சு விளையாடுற சாமான் இல்ல. அவன் இருக்குற எடத்துல பம்புத் தண்ணியா, ஆத்துத் தண்ணிய சுத்தம் பண்ணி வர்ற பைப்புத் தண்ணியான்னு மொதல்ல கேளுங்க. அங்க பிரச்சினை கங்கைச் சமவெளி வண்டல்ல போட்ட ஆழமில்லாத அடிபம்புலதான் ஜாஸ்தி. பம்புத் தண்ணின்னா அங்கயே அரசு லேப்ல கொடுக்கச் சொல்லுங்க.

நாங்க சென்னை. ஊர்ல பெரிய வீடு பூட்டிக் கெடக்கு, வருசத்துக்கு ரெண்டு தடவ, முன்னோருக்குச் செய்யுற படைப்புக்கும் கல்யாணத்துக்கும்தான் தொறக்குறோம். தொறந்த அன்னிக்கு டேப்புல காப்பி மாதிரி வருது, அரை மணி நேரத்துல தெளிஞ்சிருது. சமையக்காரர் "தெளிஞ்சிருச்சுல்ல, போதும்"ங்குறாரு. லேப்புக்குக் கொடுக்கணும்னா எப்படிக் கொடுக்குறது?
(சொந்த ஊர் கண்டனூர்)

செட்டிநாட்டுல பாதி வீட்டுக் கதை இதுதான். காப்பிக் கலர் பழைய ஜி.ஐ. பைப்போட (துத்தநாகம் பூசுன இரும்புக் கொழாய்) துரு, அது தெளியும். கலரே இல்லாம வர்றதப் பத்திதான் யோசிக்கணும். மாசக்கணக்குல அசையாம நின்ன தண்ணி, பித்தளை டேப்பு, பழைய துத்தநாகப் பூச்சு, பத்த வச்ச மூட்டு இதுல இருந்தெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ஈயத்த எடுத்துக்கும். பித்தளைய கடைசல் புடிக்க லேசா இருக்கணும்னு அதுல கொஞ்சம் ஈயம் சேக்குறது வழக்கம். பி.வி.சி. பைப்பா மாத்திட்டோம்னு நிம்மதியாவும் இருக்க முடியாது, அதுலயும் ஈயச் சேர்மானம் போட்டுத்தான் ரொம்ப நாளா செஞ்சாங்க, அதைக் கொறைக்க 2021-லதான் மத்திய அரசு விதி போட்டுச்சு.

அதனால ரெண்டு பாட்டில் எடுங்க. வீடு தொறந்ததும் ஒரு டேப்பக்கூட திருகாம, அடுப்படி டேப்புல வர்ற மொதத் தண்ணி ஒரு பாட்டில். ஒவ்வொரு டேப்பையும் தொறந்து விட்டு, டேங்க்க காலி பண்ணிக் கழுவி, புதுத் தண்ணி ஏத்தி, பத்து நிமிசம் ஓட விட்டப்புறம் ரெண்டாவது பாட்டில். மேல "மொத", "ஓட விட்டது"ன்னு ஒட்டி எழுதுங்க. மொத பாட்டில்ல மட்டும் ஈயம் இருந்தா குத்தம் வீட்டுப் பைப்புல, ரெண்டுலயும் இருந்தா தண்ணியிலயே. பாட்டில லேப்லயே கேட்டு வாங்குங்க, மெட்டல் டெஸ்ட்டுக்கு அவங்க நைட்ரிக் அமிலம் சேப்பாங்க, இல்லாட்டி மெட்டல் பாட்டில் சுவத்துலயே ஒட்டிக்கிட்டு ரிசல்ட் கம்மியாக் காட்டும். கூல்டிரிங்க்ஸ் பாட்டில்ல புடிச்சுட்டுப் போய் நிக்காதீங்க.

குடிநீர் வடிகால் வாரியத்தோட லேப் மாவட்டத் தலைநகர்ல இருக்கு, ஒங்களுக்கு சிவகங்கை. வீட்டுக்காரங்க தனியாக் கொடுத்தாலும் கட்டணம் வாங்கிட்டுப் பாப்பாங்க. போறதுக்கு முன்னாடி போன் பண்ணி "ஈயம், குரோமியம், ஆர்சனிக் பாப்பீங்களா, இல்ல சாதாரண டெஸ்ட் மட்டும்தானா"ன்னு கேட்டுக்கங்க. இல்லைன்னா என்.ஏ.பி.எல். சான்று (லேப் தரத்துக்குக் கொடுக்குற அங்கீகாரம்) வாங்குன தனியார் லேப்ல, மெட்டல ரொம்பச் சின்ன அளவுலயும் அளக்குற ஏ.ஏ.எஸ். இல்ல ஐ.சி.பி. மெஷின்ல பண்ணித் தரச் சொல்லுங்க. ரிப்போர்ட்ல "கண்டறியப்படவில்லை"ன்னு வந்தா, எந்த அளவு வரைக்கும் பாத்து இல்லைன்னு சொல்றாங்கங்குற எண்ணையும் கேளுங்க. அது 0.01-ஐ விடக் கம்மியா இருக்கணும்.

ரிசல்ட் வர்றதுக்குள்ள படைப்பு வந்துரும், அதுவரைக்கும் சமையக்காரர்கிட்ட மொத அரை மணி நேரத் தண்ணிய செடிக்கு விடச் சொல்லிட்டு, சோறாக்க கொழம்பு வைக்க வெளியில இருந்து கேன் தண்ணி எறக்கிருங்க.